வீட்டுப் பட்டறை: பிடி தளர்ந்தால்...!

திங்கட்கிழமை, வெள்ளிக்கிழமை ஆகிய இரண்டு தினங்களிலும் சிறுவாச்சூருக்கு ஒரு தனிக் களை வந்துவிடும். மதுரகாளியம்மன் கோயில் நடை திறக்கும் நாட்கள் அவைதாம். விசேஷ காலங்களை விட்டால், மற்ற நாட்களில் அம்மனைத் தரிசிக்க முடியாது. ஆகவே, பெரம்பலூருக்குத் தெற்கே எட்டு கிலோமீட்டர் தூரத்தில், சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் அந்தச் சிற்றூரில், அவ்விரு தினங்களிலும் கார்கள் சாரி சாரியாக வந்து நிற்கும். குலதெய்வத்தைத் தேடி எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள். பாட்டி முன்னால், பேரன் பின்னால், மடியில் மாவிளக்குச் சாமான், காலடியில் தண்ணீர்க் கூஜா.

இப்படிப் போகிற வண்டிகளில் சில, தாம் வருவதை அரை பர்லாங்குக்கு முன்பே அறிவித்துவிடுகின்றன. 'டபடபடப...' என்று ஒரு சத்தம்! வேகத்தடையில் ஏறி இறங்கினால் 'டங்' என்று கூடவே ஒரு தாளம்! வண்டிக்கு உள்ளே இருப்பவர்கள் அதற்குப் பழகிப் போயிருப்பார்கள். "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று சமாதானமும் சொல்லிக் கொள்வார்கள்.

அப்படி இருக்கக் கூடாது, நேயர்களே! அந்தச் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஓர் இரும்பு வளையம்தான். ஸைலன்ஸர் குழாயின் இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கிளாம்ப். அதன் பிடி தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைச் சரி செய்வது, ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு பகல் பொழுது வேலை. சரி செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. இந்த வாரம் இந்த இரண்டையும் பார்ப்போம்.

குழாயின் கதை

எஞ்சினுக்குள் பெட்ரோலோ டீசலோ எரிந்தபின் மிஞ்சுவது புகை. அது வெடித்துக் கொண்டு வெளியே வரும்போது துப்பாக்கி வேட்டு மாதிரி சத்தம் கேட்கும். இந்த ஓசையை அடக்க அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள், மில்டன், மார்ஷல் என்ற இருவர், 1897-ம் ஆண்டிலேயே ஓர் ஒலியடக்கிக்குப் பேட்டண்ட் பெற்றார்கள். அதன் வழிவந்ததுதான் இன்று நாம் ஸைலன்ஸர் என்று சொல்லும் பீப்பாய்.

காரின் அடியில் குனிந்து பாருங்கள். எஞ்சினிலிருந்து கிளம்புகிற குழாய், முன்னால் இறங்கி, வண்டியின் நீளத்துக்கு ஓடி, பின் சக்கரத்துக்கு அருகே ஒரு பீப்பாயில் புகுந்து, வால் குழாயாக வெளியே வருகிறது. இப்போதைய வண்டிகளில் நடுவே, எஞ்சினுக்குப் பக்கத்தில், இன்னொரு சிறிய பெட்டியும் இருக்கும். அதுதான் கேட்டலிடிக் கன்வர்ட்டர். அதைக் கண்டுபிடித்துத் தந்தவர் யூஜின் ஹூட்ரி என்ற பிரெஞ்சு எஞ்சினீயர். புகையில் உள்ள விஷப் பொருள்களைப் பெருமளவு மாற்றிவிடும் பெட்டி அது. நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சென்னை உள்ளிட்ட நான்கு பெரு நகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று.

இவ்வளவு நீளமான குழாயை ஒரே துண்டாகச் செய்து மாட்ட முடியாது. இரண்டு மூன்று துண்டுகளாகச் செய்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, செருகிய இடத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்குகிறார்கள். கிளாம்பில் முக்கியமாக இரண்டு ஜாதி. ஒன்று, லாடம் போல வளைந்த போல்ட்டும் அதற்கு அணைப்பாக ஒரு இரும்புத் துண்டும் இரண்டு நட்டும் கொண்டது; யூ கிளாம்ப் என்பார்கள். மற்றொன்று, அகலமான பட்டை. குழாயைச் சுற்றி வளைத்து ஒரு போல்ட்டால் இறுக்குவது. சில இணைப்புகளில் கிளாம்பே இராது. இரண்டு தகட்டு முகங்களை வைத்து, நடுவே பாக்கிங் கொடுத்து, போல்ட்டால் முடுக்கியிருப்பார்கள். வேலை தொடங்குமுன் உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

மொத்தக் குழாயும் வண்டியின் அடித்தட்டில் ரப்பர் வளையங்களில் தொங்குகிறது. எஞ்சின் ஆடும் ஆட்டம் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருப்பதற்காக இந்த ஊஞ்சல் ஏற்பாடு.

ஏன் தளர்கிறது?

கிராமத்தில் மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்த பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இரும்புப் பட்டையை எருமுட்டைத் தீயில் பழுக்கக் காய்ச்சுவார்கள். அது விரிந்து கொடுக்கும். சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால் 'சொய்ங்' என்று சுருங்கி உடும்புப் பிடியாகப் பிடித்துக் கொள்ளும்.

காரின் புகைக் குழாயிலும் இதே கதை தினந்தோறும் நடக்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாய் 300 டிகிரி சூடேறினால் சுமார் மூன்றரை மில்லி மீட்டர் நீளுகிறது. வண்டி நின்றதும் குளிர்ந்து பழைய அளவுக்கு வருகிறது. நீளுவதும் சுருங்குவதுமாக வருஷக் கணக்கில் நடந்தால் எந்த நட்டுத்தான் இறுக்கமாக இருக்கும்?

இரண்டாவது எதிரி தண்ணீர். 'நான் மழையில் வண்டியை எடுப்பதே இல்லையே!' என்கிறீர்களா? தண்ணீர் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால், ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நீண்ட பிரயாணத்தில் குழாய் முழுவதும் சூடாகி ஆவி வெளியே போய்விடும். கடைத் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய்வருகிற வண்டியில் குழாய் சூடேறுவதற்குள் பிரயாணம் முடிந்துவிடும். ஆவி உள்ளேயே குளிர்ந்து, பீப்பாயின் அடியில் தண்ணீராகத் தங்கி, உள்ளிருந்து அரிக்கிறது. 'வண்டியை அதிகம் ஓட்டாமல் பத்திரமாக வைத்திருக்கிறேன்' என்று பெருமைப்படுகிறவரின் ஸைலன்ஸர் முதலில் ஓட்டையாவது இதனால்தான்!

மூன்றாவது, வேகத்தடைகளும் பள்ளங்களும். ரப்பர் வளையம் ஒன்று அறுந்துவிட்டால் அதன் பாரம் முழுவதும் பக்கத்து இணைப்பின் மேல் விழுகிறது. கிளாம்ப் தளர்ந்தது என்று நினைத்து அதை மட்டும் முடுக்கிவிட்டு, அறுந்த ரப்பரைக் கவனிக்காமல் விட்டால், அடுத்த மாதம் மறுபடியும் 'டபடப' தான்.

சத்தம் அல்ல, சத்தமில்லாததே அபாயம்

சிறுவாச்சூருக்குப் போகும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். கணவர் ஓட்டுகிறார். பக்கத்தில் மனைவி. பின் ஸீட்டில் பாட்டியும் குழந்தையும் தூக்கம். வெயிலுக்கு அஞ்சிக் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருக்கின்றன.

"என்னங்க, எனக்கு என்னவோ தலையை வலிக்குதுங்க."

"காலையிலே காப்பி குடிச்சியா?"

"குடிச்சேங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

"எனக்கும் லேசா இருக்கு. வெயில் என்ன கொஞ்சமாவா அடிக்குது?"

"வயிற்றையும் குமட்டுதுங்க..."

"வெறும் வயிற்றிலே பிரயாணம் பண்ணினா பித்தம்தான். ஊருக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக்கலாம்."

இந்தக் கணவர் நல்லவர். ஆனால் அவர் சொன்ன பதில்தான் தப்பு. வண்டியில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் தலைவலி வந்தால் அது பித்தமும் அல்ல, வெயிலும் அல்ல என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். உடனே கண்ணாடிகளை இறக்கி, வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, எல்லோரும் கீழே இறங்கிக் காற்றாட நிற்க வேண்டும். தூங்குகிற குழந்தையை எழுப்பிப் பார்க்க வேண்டும். எழுப்பியும் சரியாக விழிக்கவில்லை என்றாலோ, மயக்கம், வாந்தி என்றாலோ, 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். எலுமிச்சம்பழம் அப்புறம்.

காரணம், கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு. நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணை எரிக்காது, இருமலும் வராது. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு அது, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பலத்துடன் ஒட்டிக் கொள்கிறது. பஸ்ஸில் எல்லா இடத்திலும் துண்டு போட்டுப் பிடித்துவிட்டால், டிக்கெட் வாங்கிய பிரயாணி எங்கே உட்காருவார்? அந்த மாதிரிதான்!

ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜே. எஸ். ஹால்டேன், நிலக்கரிச் சுரங்க விபத்துக்களை ஆராய்ந்து 1896-ல் ஓர் அறிக்கை எழுதினார். வெடி விபத்தில் மாண்டவர்களில் பெரும்பாலோர் வெடியினால் மாளவில்லை, அதன்பின் பரவிய இந்த வாயுவினால்தான் மாண்டார்கள் என்று அவர் காட்டினார். சிறிய பிராணிகளுக்கு இந்த விஷம் மனிதர்களைவிடச் சீக்கிரம் ஏறும் என்பதால், சுண்டெலியையோ சிறு பறவையையோ சுரங்கத்துக்குள் எடுத்துச் செல்லும்படி யோசனை சொன்னதும் அவர்தான். நம் காரில் பறவைக் கூண்டு இல்லை. ஆனால் பின் ஸீட்டில் குழந்தை இருக்கிறதே! சிறு உடம்பு, வேகமான மூச்சு. பெரியவர்களுக்குத் தலைவலியாக இருக்கும்போதே குழந்தைக்கு அதைவிட அதிகம் ஆகியிருக்கலாம்.

இது எங்கோ சுரங்கத்தில் மட்டும் நடப்பதல்ல. 2024 டிசம்பரில் கேரளத்தில், கோழிக்கோடு மாவட்டத்து வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவான் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏர் கண்டிஷனை ஓட்டுவதற்காக ஜெனரேட்டர் வேலை செய்து கொண்டிருந்தது. கோழிக்கோட்டிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் நிபுணர்கள் அதே வண்டியில் பரிசோதனை நடத்தினார்கள். ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்ஸைடு, தரையிலிருந்த ஒரு துவாரத்தின் வழியாக உள்ளே நுழைந்தது தெரியவந்தது. ஒரு துவாரம், இரண்டு உயிர்!

'என் வண்டியில்தான் கன்வர்ட்டர் இருக்கிறதே!' என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அது நன்றாகச் சூடேறிய பிறகுதான் வேலை செய்யும். அதற்கு முன்னாலேயே உள்ள இணைப்பில் கசிவு என்றால், புகை அதை எட்டாமலே வெளியேறிவிடுகிறது. பின்னால் டிக்கியைத் திறந்தபடி சாமான் ஏற்றிக் கொண்டு ஓட்டுவதும் ஆபத்து. ஓடுகிற வண்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறைந்திருப்பதால், புகை சுழன்று டிக்கி வழியாக உள்ளே வரும்.

கசிவைக் கண்டுபிடிக்க

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, வண்டியைத் திறந்த வெளியில் சமதரையில் நிறுத்திக் கொள்ளுங்கள். ஷெட்டுக்குள் கூடவே கூடாது. ஸ்டார்ட் செய்து பக்கவாட்டில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். 'புஸ்... புஸ்...' என்ற ஓசை எந்தப் பக்கம் என்று தெரியும். தெரியாவிட்டால், வேறொருவரை வால் குழாயின் வாயில், கையுறை போட்டு, கனமான ஈரத் துணியை ஐந்தாறு நொடி மட்டும் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அடைபட்ட புகை, ஓட்டை வழியாகச் சீறும். உடனே துணியை எடுத்துவிட வேண்டும்.

எஞ்சினை நிறுத்தியபின் டார்ச்சு வெளிச்சத்தில் இணைப்புகளைப் பாருங்கள். கசிகிற இடத்தில் கண்மை அப்பியது போல் கரி படிந்திருக்கும்.

எது நம் வேலை, எது பட்டறை வேலை?

பின்பக்கத்துப் பீப்பாயைச் சேர்க்கும் கிளாம்ப், ரப்பர் வளையம்: இவை இரண்டும் வீட்டில் செய்யக் கூடியவை. எஞ்சினோடு சேரும் முன் இணைப்பு, கன்வர்ட்டர், அதில் ஒயருடன் செருகியிருக்கும் ஸென்ஸார், டீசல் வண்டியில் கரி வடிகட்டும் பெட்டி: இவற்றில் கை வைக்க வேண்டாம். குழாயே வெடித்திருந்தால் அல்லது விரலால் அழுத்தினால் பொருபொருவென்று உதிர்ந்தால், கிளாம்ப் போட்டுப் பிரயோஜனம் இல்லை. குழாயையே மாற்ற வேண்டும். உளுத்த உத்தரத்துக்கு வெள்ளையடித்து என்ன லாபம்?

வேலைக்கு முன்

வண்டி ஓடி நின்றபின் இரண்டு மூன்று மணி நேரமாவது ஆறட்டும். ஸைலன்ஸர் சுட்ட காயம் சுலபத்தில் ஆறாது.

சிமெண்டுத் தரை அல்லது இறுகிய சமதரை வேண்டும். பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில், அதுவும் மழை பெய்த மறுநாள், ஜாக்கி வைப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஹாண்டு பிரேக்கைப் போட்டு, வண்டியை முதல் கியரில் விட்டு, தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அண்டைக் கட்டை கொடுங்கள். சாவியை உங்கள் சட்டைப் பையில் போட்டுக் கொள்ளுங்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்!

வண்டியோடு வரும் ஜாக்கி, சக்கரம் கழற்றி மாட்டுவதற்காகக் கொடுத்தது. அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டுவது தற்கொலைக்குச் சமானம். ஜாக்கியால் தூக்கி, வண்டியின் புஸ்தகத்தில் காட்டியிருக்கும் பலமான இடத்தில் இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தி, பாரத்தை அவற்றின் மேல் இறக்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகா, நொறுங்கிவிடும். பிறகு வண்டியைப் பக்கவாட்டில் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். அசையாவிட்டால்தான் உள்ளே போகலாம். ஸ்டாண்டு இல்லையா? வேலையைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. அண்ணாந்து பார்த்துக் கொண்டு துருவைச் சுரண்டினால் அது நேரே கண்ணில்தான் விழும்.

தேவையான சாமான்கள்: 12, 13, 14 நம்பர் ஸ்பானர்கள், துரு இளக்கும் எண்ணெய், கம்பித் தூரிகை, உப்புத்தாள், இரும்பு அறுக்கும் ரம்பம், புதிய கிளாம்ப், இருந்தால் ஸைலன்ஸர் பூச்சுப் பசை ஒரு டப்பா.

கிளாம்ப் எந்த அளவு? ஒரு நூலைக் குழாயின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, அதன் நீளத்தை 3.14-ஆல் வகுங்கள். நூல் 141 மில்லி மீட்டர் இருந்தால் குழாயின் குறுக்களவு 45 மில்லி மீட்டர். இணைப்பில் எந்தக் குழாய் வெளியே இருக்கிறதோ அதைத்தான் அளக்க வேண்டும். பழைய கிளாம்பையும் கையோடு எடுத்துக் கொண்டு கடைக்குப் போனால் நிச்சயம் தப்பு வராது.

வேலை

முதல் நாள் இரவே நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். காலையில் ஸ்பானரை மாட்டி, கொஞ்சம் இறுக்கும் திசையில் அசைத்து, பிறகு கழற்றும் திசையில் திருப்புங்கள். வர மறுத்தால் மல்லுக்கட்ட வேண்டாம். நட்டின் மூலை மழுங்கினால் வேலை இரட்டிப்பு. பழைய கிளாம்பை ரம்பத்தால் அறுத்து எறிந்துவிடலாம். எப்படியும் புதிது போடப் போகிறோம். கிளாம்பைத்தான் அறுக்க வேண்டும், குழாயை அல்ல!

பீப்பாயைக் கையால் தாங்கிக் கொண்டு, இடமும் வலமுமாகத் திருகி வெளியே இழுங்கள். வந்ததும் இரண்டு முனைகளையும் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் பளபளவென்று தேயுங்கள். துருவின் மேல் துரு உட்கார்ந்தால் எவ்வளவு இறுக்கினாலும் புகை கசியும்.

சில குழாய்களின் வாயில் நீளவாட்டில் வெட்டு விட்டிருப்பார்கள். இறுக்கும்போது குழாய் ஒடுங்குவதற்காக அது. உள்ளே செருகும் குழாய் அந்த வெட்டையும் தாண்டிப் போக வேண்டும். இல்லாவிட்டால் வெட்டு வழியே புகை வரும். சாதாரணமாக ஒன்றரை அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை உள்ளே போவது நல்லது. எவ்வளவு போக வேண்டுமோ அந்த இடத்தில் சாக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டுக் கொள்ளுங்கள். பசை இருந்தால் உள்குழாயின் மேல் மெல்லியதாகப் பூசுங்கள்.

கிளாம்பை முதலில் வெளிக் குழாயின் மேல் தளர்வாக மாட்டிக் கொண்டு, பிறகு குழாய்களைச் செருகுங்கள். நான் பார்த்த அளவில் பலரும் இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்!

உடனே இறுக்கிவிடாதீர்கள். முதலில் ரப்பர் வளையங்களை மாட்டுங்கள். வெடிப்புக் கண்ட ரப்பரை மாற்றிவிடுங்கள். மாட்டச் சிரமமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் தடவலாம். எஞ்சின் எண்ணெய் கூடாது, அது ரப்பரைக் கெடுத்துவிடும். இப்போது குழாய் முழுவதும் ஊஞ்சல் போலத் தொங்கட்டும். கையால் ஆட்டிப் பாருங்கள். அடித்தட்டிலோ, பெட்ரோல் டாங்கியிலோ, பிரேக் குழாயிலோ இடிக்காமல் எல்லாப் பக்கமும் விரல் புகும் இடைவெளி இருக்க வேண்டும்.

எல்லாம் ஒழுங்காக அமைந்தபின், முன்னாலிருந்து பின்னாலாக ஒவ்வொரு கிளாம்பாக இறுக்குங்கள். யூ கிளாம்பில் இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி, அரைச் சுற்று அரைச் சுற்றாக முடுக்க வேண்டும். ஒரே பக்கம் முடுக்கினால் கிளாம்ப் கோணிக் கொள்ளும். போல்ட்டின் முனைகள் தரையைப் பார்த்து நீட்டிக் கொண்டிராமல் பக்கவாட்டில் இருக்கும்படி திருப்பி வையுங்கள், வேகத்தடையில் உரசாது.

எவ்வளவு இறுக்கலாம்? வண்டியின் புஸ்தகத்தில் கணக்கு இருந்தால் அதன்படி. பலம் உள்ள மட்டும் முடுக்கினால் குழாய் நசுங்கும், அல்லது மரை போய்விடும். குழாயைக் கையால் திருகினால் இணைப்பு அசையக் கூடாது. குழாயும் நெளியக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது சரியான பிடி. பின்னல் போடுகிற தாய்மார்களைக் கேளுங்கள். தளர்த்தினால் அவிழும், இழுத்தால் குழந்தை அழும்!

சாமான்களை வெளியே எடுத்துவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, ஸ்டார்ட் செய்து, முன்போல் காது கொடுத்துக் கேளுங்கள். 'புஸ்' இல்லை என்றால் ஜயம். பசை பூசியிருந்தால் டப்பாவில் சொன்ன நேரம் காய விடுங்கள். முதல் பிரயாணம் போய்வந்து வண்டி நன்றாக ஆறியபின், மறுபடி ஒரு தடவை நட்டுகளைப் பார்த்து இறுக்குங்கள். சூடேறிக் குளிர்ந்ததில் கொஞ்சம் இளகியிருக்கும். இந்தக் கடைசிப் படியைச் செய்யாததால்தான் பாதிப் பேருக்குப் 'போட்ட கிளாம்ப் நிற்கவில்லை' என்ற புகார்.

சில சந்தேகங்கள்

வழியில் குழாய் கழன்று தொங்கினால்? பாதுகாப்பாக ஓரங்கட்டி, ஆறவிட்டு, கட்டுக் கம்பியால் அடித்தட்டின் கொக்கியோடு கட்டிக் கொள்ளலாம். கயிறும் பிளாஸ்டிக்கும் எரிந்துபோகும். கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, மெதுவாகப் பக்கத்துப் பட்டறை வரைக்கும் மட்டும் ஓட்டுங்கள். குழந்தைகளையும் வயதானவர்களையும் வேறு வண்டியில் அனுப்புவது உத்தமம்.

ஓட்டையைத் தகரம் சுற்றி அடைக்கலாமா? வீடு வந்து சேரும் வரைக்கும் சரி. அதையே நிரந்தரமாக்கக் கூடாது.

ஸைலன்ஸரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் வண்டி நன்றாக இழுக்குமாமே? சத்தம்தான் நன்றாக இருக்கும்! 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி, ஒவ்வொரு வண்டிக்கும் ஸைலன்ஸர் இருக்க வேண்டும் என்கிறது.

அறுவடைக் காலத்தில் சாலையில் கதிரும் தட்டையும் காயப்போட்டிருக்கிறார்களே? அவற்றின் மேல் ஓட்டாதீர்கள்; ஓட்ட நேர்ந்தால், பிறகு நிறுத்தி அடியில் பாருங்கள். வைக்கோலோ தட்டையோ குழாயில் சுற்றிக் கொண்டு பற்றி எரியக் கூடும். சூடான வண்டியைக் காய்ந்த புல்லின் மேல் நிறுத்துவதும் அப்படித்தான்.

மின்சாரக் கார் வாங்கிவிட்டால்? இந்தக் கட்டுரையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்! அந்த வண்டிக்கு ஸைலன்ஸரே கிடையாது.

வண்டியைத் தினம் துடைத்து, முன்கண்ணாடியில் சாமி படம் ஒட்டி, எலுமிச்சம்பழம் கட்டி வைத்திருக்கிறோம். எல்லாம் நல்லதுதான். கூடவே, மாதம் ஒரு முறை ஒரு டார்ச்சை எடுத்துக் கொண்டு, குனிந்து அந்த வளையத்தையும் பார்த்துவிடுங்கள். பின் ஸீட்டில் தூங்குகிற குழந்தை உங்களை நம்பித்தான் தூங்குகிறது.

அடுத்த வாரம்: ராத்திரி முழுவதும் சொட்டுச் சொட்டென்று ஒழுகித் தூக்கத்தைக் கெடுக்கும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது எப்படி?